வாதா மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மரத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷ வேலையில் சொந்தப் பெயர் தேய்ந்தே போயிற்று. பின்கதவைத் திறந்தால் துணி காயப்போடும் முற்றம், முற்றத்து ஓரத்தில் ஒரு வாதா மரம். அதனடியில் போய் நிற்காமல் அவள் மத்தியானச் சோற்றைத் தொட்டதில்லை.

அழுக்குத் துணியை வார்டு வாரியாகப் பிரித்துப் போடுவது அவள் வேலை. எந்த விரிப்பில் படுத்தவர் எழுந்து வீட்டுக்குப் போனார், எந்த விரிப்பில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்பது கை வைத்த உடனே அவளுக்குத் தெரிந்துவிடும். பேர் தெரியாது, முகம் தெரியாது. யாரோ பெற்ற பிள்ளைகள். மரத்தில் உள்ளங்கையை வைத்து, "இன்னைக்கு மூணு பேரு சாமி, பாத்துக்கோ" என்பாள். இலை ஒன்று அசைந்தால் போதும், காதில் விழுந்துவிட்டது என்று மனசு ஆறும்.

மரத்திடம் ஆறுதலை வாங்கிக்கொண்டு சும்மா போகிறவள் இல்லை அவள். கொடி கட்ட மரத்தில் அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர்கூட வேர்ப்பக்கம் போகக்கூடாதென்று செங்கல்லை அடுக்கி அணை போட்டாள்.

"என்ன மரத்தக்கா, மாப்பிள்ளை சாப்டாரா?" என்பார் இஸ்திரிக்காரர், மரத்தைக் காட்டி.

"அவரு சாப்டாச்சு. நீங்க தலகாணி உறையைக் கருக்காம வேலையப் பாருங்கண்ணே."

இந்தக் கோடையில் மழை பொய்த்துவிட்டது. குழாயில் தண்ணீரை அளந்து விட்டார்கள். "மனுஷனுக்கே இல்ல, மரத்துக்கு எங்கம்மா போறது?" என்று சூப்பர்வைசர் கைவிரித்துவிட்டார். மரம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் கடவுளிடம் மன்றாடினாள்.

அந்த வாரமே ஒரு புதுத் தொட்டி வந்து இறங்கியது. போர்வெல் தண்ணீரில் துவைத்த விரிப்பெல்லாம் அட்டை மாதிரி விறைக்கிறது என்று, தண்ணீரைப் பதப்படுத்த வைத்தார்கள். தினமும் காலையில் அரைமணி நேரம் அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். அப்போது பின்பக்கக் குழாயிலிருந்து சாக்கடைக்குத் தண்ணீர் ஓடும். நுரை கிடையாது, வாடை கிடையாது, கண்ணாடி மாதிரித் தண்ணீர். "கேட்டுட்டியா, என் அப்பனே" என்று அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஆறு வாளி. ஒரு நாள் தவறவில்லை.

வாதா மரம் இலை உதிர்ப்பது புதிதில்லை. செக்கச்செவேலென்று பழுத்து உதிரும். இந்தத் தடவை இலை சிவக்கவில்லை. ஓரம் கருகிச் சுருண்டது. தாகம் அடங்கவில்லை போலிருக்கிறது என்று ஆறை எட்டு வாளியாக்கினாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஒன்றரை மாதம் கழித்துத் தொட்டியைப் பார்க்க மெக்கானிக் வந்தான்.

"அக்கா, இத எதுக்குப் பிடிக்கிறீங்க?"

"மரத்துக்குத் தம்பி."

"எத்தனை நாளா?"

"நீங்க மாட்டிட்டுப் போனதுல இருந்து."

அவன் முகம் மாறியது. "நாக்குல வச்சுப் பாருங்க."

விரலை நனைத்து வைத்தாள். கரித்தது. கடல் தண்ணீர் தோற்றது.

"மூலையில மூட்டை அடுக்கியிருக்கே, அது என்னன்னு நெனச்சீங்க?"

"சோப்புத்தூளுன்னு..."

"உப்புக்கா. உப்பைப் போட்டுத்தான் தொட்டி கழுவிக்கும். அந்தக் கழிவுதான் இது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "இப்ப என்ன செய்யணும், சொல்லு தம்பி."

"நல்ல தண்ணி நெறைய விட்டா உப்பு கீழ எறங்கும். ரெண்டு மூணு பெருமழை பெஞ்சா ஒருவேளை பொழைக்கலாம்."

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கக் கொடுத்த பங்கை ஊற்றினாள். இஸ்திரிக்காரர் அன்றைக்குக் கேலி பேசவில்லை. தன் பாட்டிலையும் கொண்டுவந்து கவிழ்த்தார். மண் அதைச் சுவடில்லாமல் உறிஞ்சிக்கொண்டு, காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது. மழை, மழை என்று அதை மட்டுமே வேண்டினாள். விரிப்புகள் வந்துகொண்டேதான் இருந்தன. அந்த யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூட அவளுக்கு மறந்துபோனது.

மழை வரவில்லை. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை.

வெட்ட ஆள் வந்த அன்று சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தார். "என்னா வெயிலு! மரமே தாங்கல பாரு."

"வெயில் இல்லைங்க. தண்ணி ஊத்தி நான்தாங்க கொன்னேன்."

"தண்ணி ஊத்தினேன்னு யாராச்சும் அழுவாங்களாம்மா? போ, போய் ஒரு டீயைக் குடி."

"நகருங்கம்மா, கொப்பு விழும்" என்றார் ரம்பக்காரர்.

யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒருவரும் திட்டவில்லை.

"தெரியாமத்தானே செஞ்ச" என்றார் இஸ்திரிக்காரர்.

"தெரியாமத்தாண்ணே. ஒரே ஒரு தடவை வாயில வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கடவுள் குடுத்ததாச்சே, அதப் போயி சோதிக்கிறதான்னு விட்டுட்டேன்."

அவர் பெட்டியை எடுத்துத் தேய்க்கப் போய்விட்டார்.

முற்றம் முழுக்க வெயில் விழுந்தது. விரிப்புகள் அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே காய்ந்துவிட்டன. எடுத்து மடிக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள்.