ஒரு போத்தில் எண்ணெயில் ஒரு பிராந்து

மின்சாரம் இல்லாத கொம்பியூட்டரின் முன்னால் தில்லைநாதன் உட்கார்ந்திருக்கிறார். சாரத்தை மடித்துக் கட்டி, கதிரையின் நுனிக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு சுட்டுவிரல்களாலும் தட்டுகிறார். திரை கறுப்பாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சண்டையால் மின்சாரம் நின்று மூன்றாவது வருடம் நடக்கிறது என்பது அவருக்கும் தெரியும். "கோடு. இஞ்சையிருந்து அங்கை. இப்ப வளைவு" என்று தனக்குத்தானே சொல்லி, ஒரு விசையை அழுத்தி, இல்லாத கோடு இருண்ட திரையில் விழுந்து முடியும் வரை பொறுத்திருந்து, அடுத்த விசைக்குப் போகிறார். பிழை விட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். எதை அழித்தீர்கள் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். ஜெனரேற்றருக்கு எண்ணெய் கிடைக்கும் நாளில் கை தடுமாறக்கூடாது, அதற்காகத்தான் இந்தச் சாதகம் என்பார்.

கோப்பாயில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் சின்னத் தபால் கந்தோருக்கு அவர்தான் அதிபர். கப்பல் வந்தால் கடிதம் வரும். கப்பல் வராவிட்டால் சனம் வரும், கப்பல் எப்போது வரும் என்று கேட்க. ஆகவே கந்தோரில் முத்திரை விற்கும் நேரத்தைவிடக் கதைக்கும் நேரம் அதிகம். கதைப்பதற்கு அவரிடம் ஒரே ஒரு விஷயம் உண்டு, பட்டம். மாரி மழை விட்டு வாடைக்காற்று நிமிர்ந்துவிட்டால் மனிதர் அரைவாசிதான் தரையில் இருப்பார். கடித உறையை நாக்கில் நனைத்து ஒட்டும்போதுகூட அவருடைய கண் யன்னலுக்கு வெளியே பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கொம்பியூட்டர் அவருடையது அல்ல. மனைவி இராசமலரின் தம்பி சண்முகநாதன் பட்டணத்தில் கொம்பியூட்டர் வகுப்பு வைத்திருந்தவன். மின்சாரத்தோடு மாணவர்களும் போய்விட, அவன் பெட்டியை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுக் கனடாவுக்குப் போனான். இராசமலர் அதற்குப் பூவேலை செய்த துணி தைத்துப் போர்த்தி வைத்தாள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் முதலில் இறங்குவது அந்தப் பெட்டிதான். பிறகு அத்தான் இறங்குவார், நேரம் மிஞ்சினால் நானும் இறங்குவேன் என்று அவள் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் எந்த மிகையும் இல்லை.

பெட்டியோடு படம் கீறும் புரோகிராம்கள் மூன்றையும் மச்சான் விட்டுப்போயிருந்தான். தில்லைநாதன் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார். ஒன்று பெரியவர். வெளிநாட்டில் எஞ்சினியர்மார் வைத்து வேலை செய்வது, ஒரு கட்டுப் பிளொப்பித் தட்டுகளில் வந்தது. அது எப்படிக் கைக்கு வந்தது என்று மச்சானும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இரண்டாவது பூட்டர். பெட்டியின் முதுகில் ஒரு சின்னப் பூட்டைச் செருகினால்தான் வாய் திறக்கும். அந்தப் பூட்டு மச்சானின் காற்சட்டைப் பையிலேயே ரொறன்ரோ போய்ச் சேர்ந்து, என்ன சாமான் என்று தெரியாமல் குப்பைக்குள் போய்விட்டது. மூன்றாவது பொடியன். ஏதோ சஞ்சிகையோடு இலவசமாகக் கொடுத்தது, ஒரே ஒரு தட்டு.

புரோகிராம்களுக்கு இங்கே விலை இல்லை. திறந்து பார்ப்பதற்குத்தான் விலை. பக்கத்து வளவுச் செல்வரட்ணம் கலியாண வீடுகளுக்கும் வீடியோப் படத்துக்கும் ஜெனரேற்றர் வாடகைக்கு விடுகிறவன். அயலவர் என்பதால் தில்லைநாதனிடம் வாடகை கேட்பதில்லை, மண்ணெண்ணெய் மட்டும் கொண்டுவரச் சொல்வான். அந்த நாளில் மண்ணெண்ணெய் கேட்பதைவிட ஆளின் சிறுநீரகத்தைக் கேட்கலாம். அதனால் மலிவு எது என்ற கேள்விக்குத் தில்லைநாதன் எண்ணெயில்தான் விடை தேடினார்.

பெரியவர் திறப்பதற்குள் ஒரு வாய் வெற்றிலை மென்று துப்பிவிடலாம். ஒரு புள்ளியை மாற்றினாலும் முழுப் படத்தையும் தலையிலிருந்து திரும்பக் கீறும். ஆனால் அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பாதிப் படத்தைக் கீறிக் கொடுத்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல மற்றப் பாதியைத் தானே கீறிவிடுவார். பொடியன் தட்டின உடனே ஓடி வருவான், எண்ணெயும் குறைய. ஆனால் வித்தை தெரியாது. இரண்டு பக்கத்தையும் நாமேதான் கீறவேண்டும்.

பொங்கலுக்கு ஏற்றும் பட்டத்தின் படத்தை எதில் கீறுவது என்று கார்த்திகையில் தொடங்கிய இந்த ஆராய்ச்சி மார்கழி திருவெம்பாவை வரை இழுபட்டது. கந்தோருக்கு வந்தவர்கள் எல்லாரும், கொம்பியூட்டரை ஒருநாளும் கண்ணால் காணாதவர்கள் உட்பட, கட்சி கட்டினார்கள். ஊர் நிர்வாகம் பார்த்து ஓய்வுபெற்ற விதானையார் பெரியவர் பக்கம். தோட்டக்காரர்கள் பொடியன் பக்கம். பூட்டுக்கு ஓர் ஆசாரியைப் பிடிக்கலாமே என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் எல்லாக் கட்சிக்காரரும் ஒன்றாகச் சொன்னது, கடதாசியை இரண்டாக மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் சரியாக வருமே என்பதுதான்.

"மடிச்சு வெட்டுறது பிளவுசுக்கு" என்றார் தில்லைநாதன். "இது டிசைன்."

இதை அவர் இராசமலரின் காதில் விழச் சொன்னது பிழை. அவருடைய வீட்டில் அடுப்பு எரிவதில் பாதி, இராசமலர் ஊராருக்குப் பிளவுஸ் தைப்பதால். பொங்கல் நெருங்க நெருங்கத் துணி குவியும். ஜாம் போத்தில் விளக்கின் திரியைத் தூண்டித் தூண்டித்தான் அவள் ஊசி கோர்ப்பாள். புரோகிராம்களைத் தெரிவு செய்கிறேன் என்று அவர் செல்வரட்ணத்திடம் கொண்டுபோன எண்ணெய் முழுவதும் அந்த விளக்குக்கு உரியது. ஒருநாள் காலை அவள் ஒரு போத்திலைக் கொண்டுவந்து அவருடைய தேத்தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்த ஒரு போத்தில்தான். எதிலை கீறுறதெண்டாலும் கீறுங்கோ. இதோடை சரிவராட்டி உந்தப் பெட்டியைக் கட்டி மேலை ஏத்திப்போடுவன். பிறகு இந்த வீட்டிலை அதைப் பற்றிக் கதைக்கப்படாது."

அவருக்குப் போத்தில் பெரிதல்ல, ஊர் பெரிது. போன பொங்கலுக்கு அவர் கையால் கீறிக் கட்டிய, பருந்து வடிவான பிராந்துப் பட்டம் ஏறின வேகத்திலேயே குத்துக்கரணம் அடித்து விழுந்து பனையில் தொங்கியது. பருந்துக்கு ஒரு பக்கச் சிறகு, ஒரு செட்டை, பெருத்துவிட்டது, அவ்வளவுதான். மாசி முடியும் வரை போவோர் வருவோர் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அவமானம் தாங்காமல், வருகிற பொங்கலுக்குக் கொம்பியூட்டரில் கீறிய பிராந்து ஏறும் என்று கந்தோரில் வாய்விட்டிருந்தார். அது ஏறாவிட்டால் இனி அவர் முத்திரை விற்கும் காலம் முழுவதும் சிரிப்பையும் சேர்த்து வாங்கவேண்டும்.

இருண்ட திரையில் இரண்டு புரோகிராம்களையும் விரலால் ஓட்டிப் பார்த்தார். பொடியன் என்றால் போத்திலில் அரைவாசி மிஞ்சும், பெரியவர் என்றால் மட்டுமட்டு. சித்தம் தெளிந்த எவரும் பொடியனைத்தான் எடுப்பார்கள். தில்லைநாதன் பெரியவரை எடுத்தார். தன் கையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. செட்டை இரண்டும் ஒன்றாய் இருக்கவேண்டும் என்ற ஒரே ஆசையில் மனிதர் அந்தக் கண்ணாடி வித்தைக்கு விழுந்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் செல்வரட்ணம் வேலிக்கு மேலால் வயரை இழுத்துவிட்டு ஜெனரேற்றரை முடுக்கினான். பெரியவர் கொட்டாவி விட்டு எழும்பினார். நாளெல்லாம் செய்த சாதகம் வீண்போகவில்லை. உடம்பும் ஒரு செட்டையும் பிழையில்லாமல் வந்தன. கட்டளை கொடுத்ததும் மற்றச் செட்டையும் கோடு கோடாக முளைத்தது. தில்லைநாதன் கும்பிட்டே விட்டார். இனி அதைக் கடதாசிக்கு இறக்கவேண்டும். அச்சடிக்கும் இயந்திரத்தின் மைநாடா காய்ந்து எத்தனையோ காலம். ஆகவே இடது செட்டையைத் திரை நிறையப் பெருப்பித்து, எண்ணெய்த்தாளைக் கண்ணாடியில் ஒட்டி, பென்சிலால் ஒற்றி எடுத்தார். பிறகு வலது செட்டையைக் கொண்டுவரச் சொன்னார். பெரியவர் திரும்பவும் தலையிலிருந்து கீறத் தொடங்கினார். வெளியே இயந்திரம் இருமியது.

"அண்ணை, எண்ணெய் முடியப்போகுது. கெதியாய்ப் பாருங்கோ" என்றான் செல்வரட்ணம்.

மின்சக்தி குறையும்போது திரையில் இருக்கும் படமும் நாலா பக்கமும் சுருங்கும். எட்ட நின்ற எவருக்கும் அது தெரிந்திருக்கும். மூக்கைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு கோட்டை மட்டும் துரத்திக்கொண்டிருந்தவருக்குத் தெரியவில்லை. கடைசி இறகை ஒற்றி முடிக்கவும் திரை ஒரு புள்ளியாகி அணையவும் சரியாக இருந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஒரு சொட்டுக் குறையாமல் முடித்ததை இராசமலருக்குப் பெருமையாகச் சொன்னார்.

தாளில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெருப்பித்து, மூங்கில் சீவி வளைத்து, பட்டத்தாள் ஒட்டி முடிக்கும்போது பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம். நூல் பிடிக்கும் முச்சையைக் கட்டுவதற்காகத் தூக்கிப் பிடித்தார். பிராந்து ஒரு பக்கம் சரிந்தது. திருப்பிப் பிடித்தார், அப்போதும் சரிந்தது. இராசமலரின் கழுத்தில் கிடந்த அளவுநாடாவை வாங்கி அளந்தார். வலது செட்டை நாலு விரல் குறைவு. இரண்டும் ஒன்றாய் வரவேண்டும் என்றுதானே அந்தப் போத்தில் எரிந்தது. அவருக்கு முகம் செத்துவிட்டது. திரும்ப ஒட்டுவதற்கு அந்த மெல்லிய தாள் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. வாங்கிலே குந்தினார்.

"மலர், நாளைக்கு எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுமன்."

"காய்ச்சல் எண்டால் பாக்க வருவினம். பட்டத்தையும் பாப்பினம்" என்றாள் அவள். பிறகு, அவர் கேட்காமலே, முச்சைக்கு நூலை முறுக்கிக் கொடுத்தாள்.

பொங்கலன்று பின்னேரம் தரவை வெளியில் பெருங்கூட்டம். வெவ்வேறு ஊர்களிலிருந்து பட்டத்தோடு வந்தவர்கள் போக, உடுவிலில் இருந்துகூடக் கொம்பியூட்டர்ப் பிராந்தைப் பார்ப்பதற்கென்றே சைக்கிளில் வந்திருந்தார்கள். தில்லைநாதனுக்கு உண்மையாகவே காய்ச்சல் வரும்போல இருந்தது. பட்டத்தைப் பிடித்து நின்றவர்கள் விட்டார்கள். பிராந்து எழும்பிச் சரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விழுந்த சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அது சரிந்த சரிவிலேயே மெல்ல வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வட்டம் முடித்து இன்னும் கொஞ்சம் மேலே, அடுத்த வட்டம் இன்னும் மேலே. கோயில் கிணற்றடிக்கு மேலே நிஜப் பருந்து மிதக்கிற அதே மிதப்பு. காற்றில் ஒலிக்க முதுகில் பூட்டிய விண் நாண் கிட்ட வரும்போது கூவி, விலகும்போது தணிந்தது. மற்றப் பட்டக்காரர்கள் தங்கள் நூலை மறந்து அண்ணாந்து நின்றார்கள்.

செல்வரட்ணம் ஓடி வந்தான். "அண்ணை, உப்பிடி வட்டமடிக்கிறதும் கொம்பியூட்டரோ?"

தில்லைநாதன் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம். எல்லாம் கணக்கு."

எந்தப் புரோகிராம் என்று கேட்டார்கள். பெரியவர் என்றார். விதானையார் நான் அப்போதே சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்த, பொடியன் கட்சிக்காரர் முழுப்பேரும் அந்த இடத்திலேயே கட்சி மாறினார்கள். மலிவைப் பார்த்தால் வேலை நடக்குமா என்று தோட்டக்காரர் ஒருவர், போன கிழமை வரை பொடியனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர், எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். தில்லைநாதனின் வாழ்க்கையில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவரை மெச்சியது கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் அவருடைய காது சிவந்துவிட்டது.

"இறக்குங்கோ அண்ணை" என்றான் செல்வரட்ணம், சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை உருவிக்கொண்டு. "செட்டையை அளந்துகொண்டு போறன். தை முடியமுதல் நானும் ஒண்டு கட்டவேணும்."

கூட்டம் இடம் விட்டு விலகி வட்டமாக நின்றது. அவர் நூலை முழம் முழமாகச் சுற்றி இழுத்தார். பிராந்து வட்டமடித்தபடியே இறங்கி, பனை உயரத்துக்கு வந்து, இன்னும் கீழே வந்தது. வெயில் மெல்லிய தாளுக்குள்ளால் வர, மூங்கில் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. செல்வரட்ணம் கண்ணுக்கு மேலே கையை வைத்து உற்றுப் பார்த்தான்.

பின்னால் வந்து நின்ற இராசமலர் அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "இறக்காதேங்கோ."

தில்லைநாதன் இழுப்பதை நிறுத்தினார். தலைக்கு மேலே கூவிக்கொண்டிருந்த பிராந்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். பிறகு குனிந்து, விறைத்து நின்ற நூலை வாய்க்குக் கொண்டுபோய், கடைவாய்ப் பல்லுக்குள் வைத்துக் கடித்து அறுத்தார்.