நெல் குத்தாத மில்லும் ஒரு மெட்டல் குழுவும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாரோ ஒருவர் சொல்லத்தான் போகிறார். ஒரு பாட்டு கெட்டுப்போனால் அதற்குக் காரணம் எப்போதும் எனக்குப் பக்கத்தில் நிற்பவன்தான் என்று எட்டு வருடமாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் சிலரைக் குழுவிலிருந்து அனுப்பினேன். சிலர் நான் அனுப்ப முதலே ஓடித் தப்பினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன்மேல் மட்டும் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அவன் நான் என்பதால்.

நாங்கள் வாசிப்பது இன்டஸ்ட்ரியல் மெட்டல். தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், கித்தாரைக் கரகரவென்று அறுத்து, அதற்கு அடியில் தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தத்தைத் தாளமாக ஓடவிட்டு, மேலே ஒருவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பெரிய பெரிய இரும்பாலைகள் உள்ள ஊர்களுக்குப் பொருத்தமான இசை. நான் பிறந்து வளர்ந்தது அமிர்தகழியில். அங்கே வாவியில் தோணி போகும். அது சத்தம் போடாது. இறால் கொஞ்சம் துள்ளும். இதை வைத்துக்கொண்டு தொழிற்புரட்சியின் கோபத்தைப் பாடலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது என்றால், பிழை ஊரில் இல்லை.

பகலில் நான் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞன். பிறப்புச் சான்றிதழோடு வருகிறவர்களிடம் மெல்லிய குரலில் நாளைக்கு வரச் சொல்வது என் தொழில். பின்னேரத்தில் உலகம் எரியட்டும் என்று கத்துவது என் கலை. இரண்டுக்கும் ஒரே தொண்டைதான். உலகத்தையும் நாளைக்கு எரியச் சொல்வதைப் போலத்தான் இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் சொன்னார். அவரை நான் பொறாமைக்காரர் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

முதல் நாளிலிருந்து இன்றுவரை என்னோடு இருப்பவன் ஒருவன்தான். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகன். இயந்திரச் சத்தங்களைப் பதிவு செய்து மடிக்கணினியில் கோத்துத் தாளமாக்குவது அவன் வேலை. கடையில் துணியை அளந்து வெட்டுவதைப் போலத்தான் அவன் வாயிலிருந்து சொல்லும் வரும். முழத்துக்கு மேல் ஒரு அங்குலம் கிடைக்காது. எங்கள் முதல் பாட்டுக்குத் தாளம் அவர்களுடைய கடை ஷட்டர். அதைப் பதிவு செய்வதற்காக ஒரு பட்டப்பகலில் அவன் ஷட்டரை ஆறு தரம் ஏற்றி இறக்கினான். மூன்றாம் தரத்திலேயே பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஐந்தாம் தரத்தில் எங்கோ ஹர்த்தால் தொடங்கிவிட்டது என்று முடிவெடுத்துத் தன் கடையைப் பூட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர் பூட்டினார். அரை மணித்தியாலத்தில் தெருவே அடைத்துக் கிடந்தது. எதற்கு ஹர்த்தால் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவனுடைய வாப்பா சொன்ன சொற்களையும் அவன் பதிவு செய்து வைத்திருக்கிறான். பாட்டில் போட முடியாது.

மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். முதலில் மேளம் அடித்தவன் கல்யாண வீடுகளில் வாசித்துப் பழகியவன். எவ்வளவு கோபமான பாட்டானாலும் நாலாவது நிமிடத்தில் அவன் கை தானாகவே பைலா ஆட்டத் தாளத்துக்குத் திரும்பிவிடும். கல்லடியில் ஒரு மேடையில் நான் மனித குலத்தின் அழிவைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்க, முன் வரிசையில் இரண்டு மாமிமார் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஆட எழும்பினார்கள். அவனை விலக்கினேன். சனங்கள் அவனோடு போய்விட்டார்கள். பேஸ் கித்தார்க்காரன் வேலைக்கென்று கட்டாருக்குப் போனான், கித்தாரையும் கொண்டுபோனான். அங்கே அறையில் இரண்டு கட்டிலுக்கு நடுவே அது குறுக்கே கிடக்க, மேலே துவைத்துப் போட்ட மூன்று சேட்டுக் காய்கிற படம் ஒன்றை அனுப்பியிருந்தான். அவனுக்குப் பிறகு வந்தவர் பௌதிகவியல் டியூஷன் வாத்தியார். நல்ல வாசிப்பு. ஆனால் மேடைக்காகக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை பூசிய அவருடைய படத்தைப் பெண் வீட்டார் எங்கோ பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கண்நோய் எப்போது தொடங்கியது என்று தரகரிடம் விசாரித்திருக்கிறார்கள். வாத்தியார் கித்தாரை விட்டார், கல்யாணம் நடந்தது, சாப்பாடு பரவாயில்லை.

கடைசியாக மிஞ்சியது மூன்று பேர். குரலும் கித்தாருமாக நான், காத்தான்குடியான், பிறகு கிரானிலிருந்து வந்த மேளக்காரன். கிரான்காரன் நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவன். அறுவடை தொடங்கினால் ஒன்றரை மாதத்துக்கு ஆளைக் காண முடியாது. மற்ற நாட்களில் அவன் மேளம் அடித்தால் நிலம் அதிரும். பேஸ் வாசிக்க ஆள் தேடிக் களைத்து, அதையும் மடிக்கணினிக்குள் போட்டோம். கணினி கட்டாருக்குப் போகாது, கல்யாணமும் முடிக்காது.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலே எங்களைப் போன்ற குழுக்களுக்கென்று ஒரு மேடை போடுகிறார்கள் என்று தெரியவந்தது. ஒரு பாட்டை அனுப்பினோம். பதில் வந்தது. காத்தான்குடியான் கைபேசியைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்தான். இயந்திரச் சத்தம் அருமை, மேளம் அருமை, குரல் மட்டும் சரியில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பதிவு அனுப்பினால் மேடை தரலாம்.

நான் அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன். அது குரலின் பிழை இல்லை, மைக்கின் பிழை. மைக்கும் நல்லதுதான் என்றால் அறையின் பிழை. இந்த மாதிரிக் குரலுக்கு நாலு பக்கமும் உண்மையான தொழிற்சாலை வேண்டும், தகரக் கூரை வேண்டும். கிரான்காரன் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். என் விளக்கம் எவ்வளவு நீளமோ, விஷயம் அவ்வளவு குட்டை. இந்த முறையும் சரிவராவிட்டால் மைக்கை விட்டு இறங்க வேண்டியவன் நான். அது மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் மற்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலை கிரான்காரனிடமே இருந்தது. அவனுடைய பெரியப்பாவின் நெல்லுக் குத்தும் மில். மோட்டர் எரிந்து, கழற்றி டவுனுக்குத் திருத்தக் கொடுத்து, இரண்டு கிழமையாகப் பூட்டிக் கிடந்தது. மில் ஓடாவிட்டால் என்ன, அது ஓடிய சத்தம் எங்களிடம் இருந்தது; போன வருடம் காத்தான்குடியான் பதிவு செய்தது. மில்லுக்குள்ளேயே அந்தச் சத்தத்தைப் பெரிதாகப் போட்டு, மேளத்தை அடித்து, நான் கத்தினால் கொழும்பு மயங்கிவிடும் என்பது என் கணக்கு. அமிர்தகழியில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவரிடம் ஆளுயரத்தில் இரண்டு பெட்டி வாடகைக்கு வாங்கினேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். கிரான் பக்கம் என்று மட்டும் சொன்னேன்.

அறுவடை முடிந்து எல்லா வீட்டிலும் அவித்துக் காயப்போட்ட நெல் மூட்டையாகக் கிடக்கிற நேரம் அது. மில் எப்போது ஓடும் என்று ஊரே காது கொடுத்துக் காத்திருந்தது. இதை நாங்கள் யோசிக்கவில்லை. நானும் காத்தான்குடியானும் அரிசியைக் கடையில் வாங்குபவர்கள். கிரான்காரன் யோசித்திருக்க வேண்டும்; அவன் அன்றைக்குப் புது மேளக் குச்சி வாங்கியிருந்தான்.

சனிக்கிழமை பின்னேரம் மில் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினோம். மில்லின் சத்தம் மில்லுக்குள் எழும்பியதும் கூரைத் தகரம் நடுங்கியது. தவிட்டுத் தூள் உதிர்ந்து என் தலையில் விழுந்தது. சத்தத்தைச் சரிபார்க்கவே அரை மணித்தியாலம் போனது; பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். அதைவிட நன்றாக நான் பாடியதே இல்லை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன், அதில்தான் கவலையே. ஒரு நிமிடம் போயிருக்கும். முகத்தில் வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தேன். கதவு திறந்து கிடந்தது. வாசலில் ஒரு உழவு மெசின், அதன் இழுவைப் பெட்டி நிறைய மூட்டை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் சைக்கிள்கள், ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு மூட்டை. வரிசை தெருவரைக்கும் போயிருந்தது.

முதல் உழவு மெசினிலிருந்து ஒரு அக்கா இறங்கி வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து வயல்வட்டையில் நாலு ஏக்கர் செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. வயலின் இந்த வரம்பில் நின்று அந்த வரம்பில் இருக்கிற கிளிக்கூட்டத்தைக் குரலாலேயே கலைக்கிறவர் என்பது அப்போதே தெரிந்தது. மில் சத்தம், மேளம், இரண்டு திருவிழாப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலாக அவர் குரல் வந்தது.

"ரெண்டு கிழமையா மோட்டர் எரிஞ்சி கிடக்கு எண்டு சொல்லிப்போட்டு, இஞ்ச கதவச் சாத்திக்கிட்டு ஆருக்குகா நெல்லுக் குத்துறீங்க?"

கிரான்காரன் மேளத்தை நிறுத்தவில்லை. பயத்தில் கை நிற்கவில்லை என்று பிறகு சொன்னான். அக்கா மூச்சு எடுக்கும் இடத்தில் அவன் அடித்தான். அவன் அடிக்கும் இடத்தில் அவர் அடுத்த ஏச்சைத் தொடங்கினார். பெரியப்பாவை ஏசினார். சொந்தக்காரருக்கு மட்டும் களவாகக் குத்திக் கொடுக்கும் சாதிசனத்தை ஏசினார். உரப் பசளையின் விலையை ஏசினார், போன மாதம் வேலியை உடைத்த யானையை ஏசினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுக் கிரான்காரனிடம் கேட்டார்.

"இவன் ஏன் மனே இந்தக் கத்துக் கத்தினவன்? பெல்ட்டுக்குள்ள கைய உட்டுட்டானா?"

நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். காத்தான்குடியான் எழும்பி வந்து என் முன்னால் இருந்த மைக்கை எடுத்தான். விளங்கப்படுத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அதைக் கொண்டுபோய் அக்காவுக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிவந்து இருந்தான்.

அவர் ஓய்ந்த பிறகுதான் உண்மையைச் சொன்னோம். நம்பவில்லை. காத்தான்குடியான் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அமத்தினான், மில் நின்றது. திரும்ப அமத்தினான், மில் ஓடியது. மூட்டையோடு நின்ற அத்தனை பேரும் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு வயதான ஐயா கிட்ட வந்து அதன் வலைக் கம்பியைத் தடவிப் பார்த்து, அதே சத்தம்தானே வருகிறது, அப்போ இது ஏன் நெல்லுக் குத்தாது என்று கேட்டார். எட்டு வருடத்தில் எங்கள் இசையைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

தண்டனையாக, இறக்கி வைத்த மூட்டைகளை எல்லாம் நாங்களே திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஊர் மில்லுக்குப் போகிறார்களாம். அக்கா நின்று மேற்பார்வை பார்த்தார்.

பிறகு நாங்கள் வந்த வான் வண்டிக்குள் இருந்து மூன்று பேரும் பதிவைக் கேட்டோம். முதல் ஒரு நிமிடம் நான். பிறகு அவர். அவருடைய முதல் சொல் விழுந்ததும் என் கை ரோமம் குத்திட்டு நின்றது. என் சொந்த ரோமமே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. அக்காவின் குரல் நல்லாயிருக்கு என்ன, என்று கிரான்காரன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். அது பாட்டு இல்லை, ஏச்சு என்றேன். காத்தான்குடியான் இரண்டையும் தனித்தனியாக வெட்டி அனுப்பினான். நியாயம்தானே என்றேன். என்னுடையதை முதலில் வை என்றும் சொன்னேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. இரண்டாவது. அந்த அம்மாவோடு வாருங்கள்.

அவரிடம் கேட்கப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. அரச உத்தியோகத்தன், பேசத் தெரிந்தவன் என்று காரணம் சொன்னார்கள். போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊர்க் கோயில் மாமாங்கேஸ்வரரிடம் ஒரு சின்ன விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் போனேன். முடிந்தவரை மோசமாகவும் எடுத்துச் சொன்னேன். கொழும்பு சரியான தூரம் அக்கா, வானில் குலுக்கும், சாப்பாட்டில் உப்பிருக்காது, அங்கே சனமெல்லாம் கறுப்புச் சேட்டுப் போட்டுத் தலையைத் தலையை ஆட்டுவார்கள், பயமாயிருக்கும் என்றேன். அவர் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் சுளகை வைத்தார்.

"வெட்டெல்லாம் முடிஞ்சிட்டு. இவர் வயலப் பாப்பார். நான் வாறன்." சுளகைத் திரும்ப எடுத்தார். "ஆர ஏசோணும்?"

விருப்பமானவர்களை ஏசலாம் என்றேன். அது மட்டும் அவருக்குக் கொஞ்சம் நம்ப முடியாமல் இருந்தது. ஒருவரும் குறுக்கே பேசமாட்டார்களா என்று கேட்டார். பேசமாட்டார்கள், கைதட்டுவார்கள் என்றேன். அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்ததும் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று விளங்கியது.

ஒத்திகைக்கு வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார், மைக்கை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னார், தொடங்கினார். மூன்று நிமிடம். கிரான்காரன் வியர்த்துப்போனான். நான் என் பழைய இடத்துக்கு ஒரு அடி பின்னால் நின்று, கித்தாரையாவது வாசிப்போம் என்று பார்த்தேன். மில்லின் சத்தத்துக்குள் கித்தார் கேட்கவே இல்லை. ஒரு நாளும் கேட்டதில்லையாம். கிரான்காரன் பாவம் பார்த்துச் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

கொழும்புக்குப் புறப்படும் காலையில் அக்கா வானில் முன் சீட்டில் ஏறி, கட்டுச்சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டார். கிரான்காரன் மேளங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். காத்தான்குடியான் அந்தப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். நான் கிட்டப் போனேன். குழுவைத் தொடங்கியது யார், முதல் பாட்டை எழுதியது யார், இத்தனை பேர் போனபோதும் போகாமல் நின்றது யார் என்றெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டேன்.

"இப்ப அக்கா பாடுறா, நீ மெசின், அவன் மேளம். அப்ப நான் இந்தக் குழுவில என்ன மச்சான்?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"மத்தப் பக்கத்தத் தூக்கு."