பரிசலில் அக்கரைக்கு

நாற்பது வயதைத் தாண்டி, நீச்சல்கூட ஒழுங்காகத் தெரியாத நான் பரிசல் ஓட்டக் கற்றுக்கொண்டது கொரோனா இரண்டாவது அலையின்போது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. திண்டுக்கல் நாகல் நகர் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு, எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் செல்போனில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்துவேன். அதற்கப்புறம் வேலையில்லை.

அண்ணனும் மதினியும் ஊர்க் குளத்தில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்தார்கள். ஊரடங்கிலும் மீன் பிடிக்கத் தடையில்லை. மதினி விடியலில் பரிசலில் போய் வலையை எடுத்து வருவாள். ஒரு நாள் நானும் ஏறினேன். கரை மெல்ல விலகியபோது, மாதக்கணக்காக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. மறுநாளிலிருந்து துடுப்பை நானே வாங்கிக்கொண்டேன். பரிசல் என் பேச்சைக் கேட்கவில்லை, நின்ற இடத்திலேயே சுற்றியது. மதினி சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள்.

சந்தோஷத்தில் தங்கச்சிக்குப் போட்டோ அனுப்பினேன். அவள் திண்டுக்கல்லில் நர்ஸ், கொரோனா வார்டில் வேலை. அன்று சாயங்காலமே போன் செய்தாள். வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நடுக்குளத்தில் யாருக்கு நோய் ஒட்டப்போகிறது, மதினி போகலாம் நான் போகக்கூடாதா என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "மதினி போறது பொழப்புக்கு, நீ போறது ஆசைக்கு. ஆசைப்படுறது தப்பில்லக்கா. ஆனா நீ தண்ணிக்குள்ள விழுந்துட்டா இங்கதான் தூக்கிட்டு வருவாக. இங்க கட்டில் இல்ல. உன்னைய நான் எங்க படுக்க வைப்பேன்?"

மறுநாள் பரிசலைக் கரையோரக் கருவேல மரத்தில் நீளக் கயிற்றால் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் மட்டும் பழகினேன். இதில் யாருக்கும் ஆபத்தில்லை என்று நினைத்தேன். ஆனால் வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது. டீச்சர் சுற்றுவதைப் பார்க்க ஒரு கூட்டம், தாங்களும் ஏறிப் பார்க்க இன்னொரு கூட்டம். ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. துடுப்பை மதினியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தங்கச்சியிடம் நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள்.

அலை ஓய்ந்தது, தடைகளைத் தளர்த்தினார்கள், கோவில்களும் சர்ச்சுகளும் திறந்தன. ஐப்பசி மழையில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. நான் மறுபடி துடுப்பைப் பிடித்து, விடாமல் பழகினேன். இந்த முறை பரிசல் நான் சொன்ன பக்கம் போனது.

தங்கச்சிக்கு லீவு கிடைத்ததும் ஊருக்கு வந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. குளத்தைப் பார்த்தபடி நின்றவள், "என்னையக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள். விழுந்தாலும் மிதக்கட்டும் என்று காலி கேன்களை இறுக மூடி ஆளுக்கு இரண்டாக முதுகில் கட்டிக்கொண்டோம். மதினி கரையில் நின்றாள்.

நடுக்குளத்தில் காற்று பிடித்துத் தள்ளியது. தோள்பட்டை எரிந்தது. தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத் தண்ணீரைத் துடுப்பால் வலமும் இடமுமாக இழுத்து இழுத்துப் போட்டேன். அக்கரைச் சேற்றில் பரிசல் தட்டியபோது, "வந்துட்டோம்லக்கா" என்று அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எதிர்க்கரையில் மதினி முந்தானையை வீசிக் காட்டினாள். அண்ணன் டூவீலரில் கரையைச் சுற்றி வந்து, நீங்கள் வண்டியில் போங்கள், பரிசலை நான் கொண்டுவருகிறேன் என்றான்.

வேண்டாம் என்றேன். திரும்பும்போது எதிர்க்காற்று. நானேதான் ஓட்டிவந்தேன்.