அவன் ஷெட்டில் சுழன்ற சாம்பல் நிறச் சக்கரம்

வளைகுடாவில் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தகடு வேலை பார்த்தோம். இரண்டு பேரில் நான்தான் கைதேர்ந்தவன். அதை அவனே எல்லோரிடமும் சொல்வான். ஊர் திரும்பியதும் நான் குளச்சலில் படகு என்ஜின் பார்க்கும் பட்டறை போட்டேன். அவன் தக்கலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஷெட் கட்டி, இருவர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தான். சேதி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பைக்கை எடுத்தேன். வாழ்த்தப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

ஷெட்டில் விமானத்தின் வால் பகுதி முடிந்து கிடந்தது. வெட்டிய அலுமினியத் தகட்டின் ஓரத்தில் பொடிப் பிசிறு நிற்கும். அதை எடுக்காமல் விட்டால் அங்கேதான் பின்னால் விரிசல் விழும். விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. மறுபடியும் ஓட்டினேன்.

"எப்படிலே எடுத்த?"

அவன் பெஞ்ச் கிரைண்டரைக் காட்டினான். சாணைக்கல் இருக்க வேண்டிய இடத்தில், பாத்திரம் தேய்க்கும் நாரை அழுத்திச் செய்தது போன்ற சாம்பல் நிறச் சக்கரம். சாணைக்கல்லில் அலுமினியம் தேய்த்தால் ஈயம்போல் அப்பிக்கொள்ளும், கல் சூடாகி வெடிக்கவும் செய்யும். இந்தச் சக்கரம் பிசிறை மட்டும் எடுக்கும். வளைகுடாவில் இருந்தவரை இந்தச் சக்கரத்தை நான்தான் ஓட்டினேன். இப்போது பட்டறையில் எனக்கு அரம் மட்டும்தான்.

"தேஞ்சு போச்சு மக்கா. புதுசு ஒண்ணு வந்திருக்கு, பாரு" என்று ஆன்லைனில் வாங்கிய பெரிய சக்கரத்தை மாட்டினான். கையில் நூல் கையுறை. சுவிட்சை நோக்கிக் கை போனது.

சக்கரத்தின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த, அது தாங்கும் உச்ச வேகத்தைப் படித்தேன். பிறகு மோட்டாரின் மேல் பதித்திருந்த அதன் வேகத்தைப் படித்தேன்.

"லே, போடாத! ஒனக்க மோட்டார் இதவிட வேகமாக்கும். பிய்ஞ்சு மொகத்துல அடிக்கும். மொதல்ல அந்தக் கையுறையக் கழத்து. சக்கரம் அதப் பிடிச்சா விரலயும் சேத்துல்லா இழுக்கும்!"

என் குரலில் அக்கறையைவிடச் சந்தோஷம் அதிகம் இருந்தது. குறை கிடைத்துவிட்டதே.

அவன் சக்கரத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டான். தேய்ந்த பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டி, "நீ செஞ்சு காட்டு மக்கா" என்றான்.

கண்ணாடியும் தூசி முகமூடியும் மாட்டிக்கொண்டேன். சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே, தகட்டின் ஓரம் கீழே சரிந்திருக்கும்படி பிடித்தேன். பிடி நழுவினாலும் தகடு தரைக்குத்தான் போகும். அழுத்தாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தினேன். இரும்பு போல்ட்டை இதில் தேய்க்காதே, அந்தத் துகள் ஒட்டினால் அலுமினியம் அரித்துப் போகும் என்றும் சொன்னேன்.

அவன் தன் மனைவியைக் கூப்பிட்டான். "ஏட்டி, இஞ்ச வா. நான் சொன்னேம்லா, இவன் கையி தனிக் கையாக்கும்!"

அவன் ஒரு வார்த்தை ஏட்டிக்குப் போட்டி பேசியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனேன், இறக்கைத் தகடுகளின் ஓரமெல்லாம் என் கையில்தான் முடிந்தது. பார்க்க வருகிறவர்களோ அவனை இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். நான் முகமூடியோடு ஓரத்தில் நின்றேன்.

போன வாரம் எனக்கென்று ஒரு வால் பகுதிக்கு மட்டும் தகடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

"வால மட்டும் வச்சு எங்க பறக்கப் போறிய?" என்றாள் என் மனைவி.

"மொதல்ல தகடு வரட்டும்" என்றேன்.