வாங்க ஆளில்லாத குதிரை

அக்காவின் குதிரையை விற்பதற்காக நான் எடுத்த படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருந்த ஒழுங்கையின் முடிவில், சுவரோரம் வெயிலுக்கு முகம் காட்டி நிற்கிறது வெள்ளச்சி. பிடரி மயிரைத் தேங்காய் எண்ணெய் பூசிச் சீவிவிட்டிருந்தாள். "விலா தெரியாமல் எடு தங்கச்சி. எலும்பைக் கண்டால் ஒருத்தரும் வாங்க மாட்டினம்" என்றாள். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் விலா தெரிந்தது. கடைசியில் கழுத்தும் தலையும் மட்டும் விழும்படி எடுத்தேன்.

கல்யாண வண்டிக்கென்று அத்தான் வாங்கிய குதிரை அது. ஞாயிறு பின்னேரங்களில் காலிமுகத்திடல் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும். அத்தான் மாரடைப்பில் போனதும் அக்கா அதை விற்றுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதுவரை தையல் மெஷினைத் தவிர வேறொன்றையும் ஓட்டியறியாதவள், அத்தானின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தாள். எத்தனையோ மணப்பெண்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டாள். வீட்டு வாடகையைக் குதிரை உழைத்தது. குதிரையின் தீனியையும் அதுவே உழைத்துக்கொண்டது.

எரிபொருள் வரிசைகள் ஊரைச் சுற்றி வளைத்த அந்த வருடம் கல்யாண ஓட்டமும் கடற்கரைச் சவாரியும் நின்றுபோயின. கல்யாணங்கள் வீட்டு ஹோலில் பத்துப் பேரோடு முடிந்தன. பிள்ளைகள் சவாரி போன இடத்தில் போராட்டக்காரரின் கூடாரங்களும் கோஷமும் நிறைந்திருந்தன. ஆலைகளில் தவிடு இல்லை. இருந்த கொஞ்சத்தைக் கோழிப்பண்ணைக்காரர் அள்ளிக்கொண்டு போனார்கள். முச்சக்கரவண்டியில் புல் ஏற்றி வரவும் பெட்ரோல் இல்லை. அக்கா சைக்கிளில் கொலன்னாவைவரை போய், வாய்க்கால் ஓரத்துப் புல்லை அரிந்து சாக்கில் கட்டிக்கொண்டு வருவாள். அது ஒரு நேரத்துக்கும் காணாது.

படத்தை முகநூலில் போட்டதும் அழைப்புகள் வந்தன. அநேகம் பேர் குதிரை வைத்திருந்தவர்கள்தான். "உங்கட குதிரை விலைபோனால் வாங்கிற ஆளிட்ட என்ரையையும் சொல்லிவிடுங்கோ" என்று கேட்டார்கள். சவாரி பழக்குகிற இடமொன்றில், தாங்களே சும்மா கொடுக்க ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். லொறியோடு ஒருவன் மட்டும் நேரில் வந்தான். பல்லைப் பார்க்கவில்லை, குளம்பைப் பார்க்கவில்லை. தொடையில் கையை வைத்து அழுத்தி, எத்தனை கிலோ வரும் என்று கேட்டான். அக்கா அவனை வெளியே விட்டுப் படலையைச் சாத்தினாள்.

அதற்கடுத்த நாள் அவள் மிருக வைத்தியரிடம் போய் ஊசி போட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். நோயில்லாத மிருகத்தைக் கொல்ல மாட்டேன் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். கேள்விப்பட்டதும் வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து ஓடிவந்து அவளோடு சண்டை போட்டேன்.

"எப்படியக்கா உனக்கு மனம் வந்தது?"

"மனம் இருக்கிறபடியால்தான் கேட்டனான். பசியில விழுந்து விழுந்து சாகிறதை என்னால பார்க்கேலாது. நிக்கேக்கையே போகட்டும்."

"நான் தீனி கொண்டுவந்து தாறன்" என்றேன். அன்று நான் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தைச் சந்தையில் கழித்துப்போட்ட முட்டைக்கோவா இலைகளை ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி, நெரிசலான பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அக்கா புல்லுக்குப் போயிருந்தாள். முழுவதையும் தொட்டியில் கொட்டினேன். வெள்ளச்சி தலை நிமிராமல் தின்றது. ஒரு உயிரின் பசியை ஆற்றிவிட்ட சந்தோஷத்தில், அக்கா வருமுன்பே பஸ் பிடித்துவிட்டேன்.

விடிய அவளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் போனபோது வயிறு பொருமி, வெள்ளச்சி மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. அக்கா கயிற்றைப் பிடித்து எழுப்பி நடத்துவாள்; நாலடி வைத்து மறுபடி விழும். பெட்ரோல் இல்லாததால் வைத்தியர் வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். தொட்டியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் பார்த்தார். பட்டினி கிடந்த குதிரைக்கு இவ்வளவு கோவாவை யார் போட்டது என்று சிங்களத்தில் கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன்.

"மம தமய் துன்னே," நான்தான் கொடுத்தேன் என்றாள் அக்கா.

அவர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். குதிரை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, மூன்று கிழமைக்கு முன் அவள் கெஞ்சியும் போட மறுத்த அந்த ஊசியை அவர் பையிலிருந்து எடுத்தார். வெள்ளச்சியின் தலையை அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். நான் படலையைப் பிடித்தபடி நின்றேன்.

இப்போது கல்யாண மண்டபங்கள் நிறைகின்றன. கடற்கரையில் பிள்ளைகள் சவாரி போகிறார்கள். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். போன மாதம் ஒரு பின்னேரம் துணிந்து தொடங்கினேன். "அக்கா, அண்டைக்கு நான்..."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "விடு. நீ அதின்ர பசிக்குத்தானே போட்டனீ" என்றாள்.

அவள் ஒரு தரமாவது என்னை ஏசியிருக்கலாம்.