பக்கவாட்டில் வந்த தண்ணீர்

போரால் யாழ்ப்பாணத்தில் வெடிமருந்து கிடைக்காத 1991ஆம் ஆண்டில், கிணறு வெட்டும் தியாகராசா அரியாலைச் சுண்ணப் பாறையை உளியாலும் சம்மட்டியாலுமே உடைத்து இறங்கினார். பதினெட்டாம் அடியில் தண்ணீர் கசிந்தது. ஆனால் குணலட்சுமியின் மிளகாய்த் தோட்டத்துக்கு அது போதாது.

“அண்ணை, இன்னும் ரெண்டடி ஆழமாக்குங்கோவன்,” என்று அவள் மேலிருந்து கெஞ்சினாள்.

“கீழை உப்புத்தண்ணி படுத்திருக்குப் பிள்ளை. அதைத் தட்டி எழுப்பச் சொல்லுறியோ?”

ஈரம் தெரிந்த வெடிப்பொன்றைப் பின்தொடர்ந்து, முழங்காலில் நின்றபடி பக்கவாட்டில் ஒன்பது நாள் குடைந்தார். பத்தாம் நாள் வெடிப்புத் திறந்து, தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறியது.

இடுப்பில் கட்டிய சாரம் நனைய மேலேறியவர் வாளியை நீட்டினார். “இதிலையே தேத்தண்ணி போடு. உப்பெண்டால் கேத்தல் முழுக்க நான்தான் குடிப்பன்.”

தேத்தண்ணி போட்டு, முதல் வாயை அவளே குடித்துப் பார்த்தாள்.

“உப்பே இல்லை. அப்பிடியெண்டால் உங்களுக்கு ஒரு சொட்டும் இல்லை அண்ணை,” என்று சொல்லிக்கொண்டே அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.