லைன்மேன் வீட்டுத் தாயக்கட்டம்

குழந்தைவேல் காபி டம்ளரைக் கையில் எடுப்பதற்கு முன் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். சூடு பார்ப்பதற்காக அல்ல. கதவின் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், பீரோவின் கைப்பிடி, அடுத்த வீட்டு இரும்பு கேட் என்று எதுவானாலும் அவருக்கு முதலில் புறங்கைதான். மின்சாரம் பாயும் பொருளை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் கை உதறிக்கொண்டு விலகும். வில்லியனூர் பக்கத்துக் கம்பங்களில் முப்பத்துநாலு வருடம் ஏறி இறங்கியவருடைய கை, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. பேத்தி பிறந்தபோது அதன் கன்னத்தையும் அப்படித்தான் தொட்டாராம். மனைவி சின்னபொண்ணு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டுவார்.

அரியூருக்கு மேற்கே, கரும்புக் கொல்லைக்கும் நெல் வயலுக்கும் நடுவில், தளம் போட்ட சின்ன வீடு. பின்பக்கம் சிமெண்ட் ஷீட் இறக்கிய வராந்தா. சின்னபொண்ணு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து மூன்று வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். குழந்தைவேல் போன மே மாதம்தான் டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் வீட்டுக்கு எடுத்துவந்தார். ஆகவே இது அவருக்கு வீட்டில் முழுதாகக் கிடைத்த முதல் ஐப்பசி.

இத்தனை வருடங்களும் மழை என்றால் அவருக்கு வேலை, சின்னபொண்ணுக்கு விடுமுறை. வானம் கறுத்தால் பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், சின்னபொண்ணு வீட்டில் இருப்பார். அதே நேரத்தில் எங்கோ ஒரு தென்னை மட்டை கம்பியின் மேல் விழுந்திருக்கும், குழந்தைவேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். ஆக, மழை பெய்யும்போது தம் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது அறுபது வயது வரை அவருக்குத் தெரியாது.

இப்போது தெரிந்துகொண்டார். காலையில் பின்பக்க அடுப்பில் விறகு வைத்து வெந்நீர் போடுவது அவருடைய பொறுப்பு. காபியில் முதல் டம்ளர் இருவரும் சேர்ந்து, இரண்டாவது டம்ளர் வயலில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பார்த்துக்கொண்டே. வரப்பில் நண்டு பிடித்து யாராவது கொடுத்தால் சின்னபொண்ணு அதை அம்மியில் நசுக்கி மிளகு ரசம் வைப்பார். அது கொதிக்கிற வாசனையில் குழந்தைவேல் மூன்று தரம் சமையலறைக்கு வந்து போவார். வீட்டுக்குள் துணிக்கொடி கட்டியிருப்பது தனி வேலைப்பாடு. ஈரத்துணி போட்டால் எவ்வளவு தொய்யும் என்று கணக்குப் போட்டு, கம்பி இழுப்பது போலவே இழுத்து முடிச்சிட்டிருக்கிறார். சின்னபொண்ணு ஆறு புடவையை ஒன்றாகப் போட்டும் ஒரு முனைகூடத் தரையைத் தொடவில்லை. தெருவில் மின்சாரம் போனால் நாலு பேர் அவருக்குத்தான் போன் செய்வார்கள். எந்த டிரான்ஸ்பார்மர் என்று சொல்லிவிட்டு, "நான் ரிடையர்டுபா" என்று காலை நீட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம்.

எல்லாம் மத்தியானம் மூன்று மணி வரையில்தான்.

மூன்று மணிக்கு, மழையில் நனைந்த நீல ரப்பர் செருப்பு ஒன்று பின்வாசலில் வந்து கிடக்கும். காசம்மாளுடையது. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கணவர் இல்லை. முன்பு வயல் வேலைக்குப் போவார், முட்டிவலி வந்த பிறகு போவதில்லை. அவரும் சின்னபொண்ணுவும் வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்து தாயம் ஆடுவார்கள்.

அந்தத் தாயக்கட்டமே குழந்தைவேலுக்குப் புதிய செய்தி. பதினெட்டு வருடத்துக்கு முன் வராந்தாவுக்குத் தரை பூசியபோது, ஈர சிமெண்டில் சின்னபொண்ணு ஆணியால் கட்டம் கீறியிருந்தார். குழந்தைவேல் அதைக் கோலம் என்று நினைத்திருந்தார். தினமும் அதன்மேல்தான் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்.

முதல் நாள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தவரை எழுப்பியது ஒரு சிரிப்பு. கொதிக்கிற பானையின் மூடி தடதடப்பது போல் தொடங்கி, மூச்சு முட்டி, விக்கலில் போய் முடிகிற சிரிப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தார். காசம்மாள் சின்னபொண்ணுவின் காய் ஒன்றை வெட்டியிருந்தார். வெட்டுப்பட்ட சின்னபொண்ணு, "அடிப் பாவி, பழத்துக்குப் போற காயிடி அது" என்று காசம்மாளின் முழங்காலில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். இந்தச் சிரிப்பு வீட்டில் இருந்தது குழந்தைவேலுக்குத் தெரியாது. அப்படி ஓர் அடியையும் அவர் வாங்கியதில்லை.

அவருக்கு வந்தது பொறாமைதான். வெளியில் அதற்கு வேறு பெயர் கொடுத்தார். சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்றார். ஈரச் செருப்பால் வாசல் சேறாகிறது என்றார். மறுநாள் நீலச் செருப்பைக் காலால் தள்ளித் தாழ்வாரத்துத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் விட்டார். காசம்மாள் போகும்போது எப்போதும்போல் அதை உதறி மாட்டிக்கொண்டு போனார். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்து வராந்தாவிலேயே வேலை உண்டாக்கிக்கொண்டார். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் முக்காலியைப் போட்டு ஏறி பல்பைக் கழற்றுவார். சுவிட்ச் பெட்டியைத் திறந்து டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். மூன்றாம் நாள் காசம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ண்ணா, இந்த பல்ப நேத்துதான மாத்தின?"

"வோல்டேஜ் பாக்கறன் காசம்மா."

"நல்லா பாரு. எங்க வூட்ல ரெண்டு நாளா எரியவே இல்ல. அங்க வந்து பாக்க மாட்டன்ற."

சின்னபொண்ணு விக்கல் வரச் சிரித்தார். குழந்தைவேல் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலமே காசம்மாள் வீட்டுக்குப் போய் பழுதைச் சரிசெய்து கொடுத்தார். ஆனால் திரும்பி வரும்போது முகம் இறுகித்தான் இருந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு அவர் செய்ததை, வேலையில் இருந்த காலத்தில் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளில் ஒன்றை எடுத்து, பியூஸ் கம்பி வைத்திருக்கும் தகர டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைக் கருவிப் பையின் அடியில் தள்ளினார். ஒற்றைக் கட்டையை வைத்துக்கொண்டு தாயம் ஆட முடியாது. ஆட்டம் நின்றுவிடும், மூன்று மணி தமக்குக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

இருவரும் அரிசி டிரம்மை நகர்த்திக்கூடத் தேடினார்கள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு செய்தார்கள். அப்புறம் காசம்மாள் சமையலறையிலிருந்து ஆறு புளியங்கொட்டைகளை எடுத்துவந்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் வராந்தாவின் படியில் வெள்ளை தெரியும்வரை தேய்த்தார். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம். பத்து நிமிடத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. கொட்டைகள் பின்வாசலைத் தாண்டி உருண்டோடி உள்ளே கட்டிலுக்கு அடியில் போனதில் சிரிப்பு முன்னைவிடக் கூடியது. கட்டிலின் மேல் கண்ணை மூடிப் படுத்திருந்த குழந்தைவேல், தமக்கு அடியிலேயே கையை விட்டுக் கொட்டையைத் தேடுகிற காசம்மாளைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்ததும் காசம்மாளின் மகள் சுவேதாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசம்மாள் துணிப்பையுடன் சொல்லிக்கொள்ள வந்தார். பதினைந்து நாள் ஆகும் என்றார். தம் காய்களான பச்சை வளையல் துண்டுகளைக் குழந்தைவேலின் கையில் கொட்டினார். "எம் எடத்துல நீ குந்துண்ணா. வெட்டாதவன் உள்ள போவ முடியாது, அத மட்டும் ஞாபகம் வெச்சிக்க."

அந்த ஊர் ஆட்டத்தின் சட்டம் அது. எதிராளியின் காயை ஒருமுறையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழைந்து, நடுவில் ஏறிப் பழமாக முடியும். வெட்டாதவர் வெளிக்கட்டத்தையே சுற்றிச்சுற்றி வரவேண்டியதுதான்.

குழந்தைவேல் மறுநாள் இரண்டே முக்காலுக்கே தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கொட்டை நன்றாக விழுந்தது. ஆனால் சின்னபொண்ணுவின் காய் வெட்டுக்குத் தோதாக முன்னால் நிற்கும்போதெல்லாம் வேறு காயை நகர்த்தினார். எவ்வளவு தூரம் நடந்து வந்த காய், அதைத் திருப்பி அனுப்புவதா என்று இருந்தது அவருக்கு. மனைவியை ஜெயிக்கவிட்டால் மனைவி சிரிப்பார் என்றும் நினைத்தார். சின்னபொண்ணு ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். நாலாம் நாள் கொட்டாவி விட்டார். அடுத்த வாரம் மூன்றரை மணிக்கே, "போயி செத்த படுக்கறன்" என்று எழுந்துவிட்டார். குழந்தைவேலின் பச்சைத் துண்டுகள் வெளிக்கட்டத்தில் எத்தனையாவதோ சுற்றில் நின்றிருந்தன. மழை மட்டும் ஷீட்டின் மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

பதினான்காம் நாள் காலையில் போன் வந்தது. சுவேதாவும் ஆண் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், எல்லாரும் நலம், நாளைக்கு வருகிறேன் என்றார் காசம்மாள். பேசி முடித்த சின்னபொண்ணு, பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அது குழந்தைவேலின் காதில் விழுந்தது.

அன்று மூன்று மணிக்கு உட்கார்ந்தபோது அவர் கொட்டைகளைக் கையில் எடுக்கவில்லை.

"காசம்மா வரட்டும்னு பாட்டு பாடற. என்னாண்ட ஆடறதுக்குக் கொட்டாவி வருதா?"

சின்னபொண்ணு தம் காய்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். "நீ எங்க ஆடற? எனக்கு வுட்டுக்குடுத்துனு குந்தினு கீற. நான் இன்னா கொழந்தையா?"

"உன்ன எப்படி வெட்டறது?"

அப்போதுதான் சின்னபொண்ணு நிமிர்ந்தார். குரல் உயரவில்லை.

"இந்த ஆட்டம் இன்னாத்துக்கு வந்துச்சின்னு நெனச்ச? மழ வந்தா நீ எந்தக் கம்பத்துல ஏறினு கீறியோன்னே நெனச்சினு இருப்பன். ஒலைல அரிசி போடறத மறந்துடுவன். அதப் பாத்துட்டுத்தான் காசம்மா வருவா. வந்து ஈவு எரக்கமில்லாம என் காய வெட்டிப் போடுவா. அந்தக் கோவத்துல செத்த நேரம் நீ நெனப்புக்கு வர மாட்ட. அவ்ளோதான்யா இந்த ஆட்டம்."

தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. குழந்தைவேல் எழுந்து உள்ளே போனார். கருவிப் பையின் அடியில் தகர டப்பா திறக்கிற சத்தம் வராந்தா வரை கேட்டது. பித்தளைக் கட்டையைக் கொண்டுவந்து, புளியங்கொட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கட்டத்தின் நடுவில் வைத்தார்.

சின்னபொண்ணு மடியிலிருந்து மற்றக் கட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பதினெட்டு நாளாக அது அவர் இடுப்பிலேயே இருந்திருக்கிறது.

"எலி கொண்டாந்து குடுத்துட்டுதா?"

"குடுத்துட்டுது" என்றார் குழந்தைவேல்.

ஆட்டம் நாலு மணியைத் தாண்டியது. சின்னபொண்ணுவின் கடைசிக் காய் உள்கட்டத்தின் வாசலுக்கு வந்து, யாரும் வெட்ட முடியாத மலைக்கட்டத்தில் ஏறுவதற்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. அதற்கு ஐந்து கட்டம் பின்னால் குழந்தைவேலின் பச்சைத் துண்டு. அவர் கட்டைகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருட்டினார். ஒன்றில் மூன்று விழுந்தது. மற்றது சுவரில் மோதித் திரும்பி, இரண்டில் நின்றது.

குழந்தைவேல் ஒவ்வொரு கட்டமாக எண்ணிக் காயை நகர்த்தினார். நாலாவது கட்டத்தில் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஐந்தாவது கட்டத்தில் தம் காயை வைத்து, சின்னபொண்ணுவின் காயை எடுத்துக் கட்டத்துக்கு வெளியே அவர் பக்கத்தில் வைத்தார்.

சின்னபொண்ணு காயைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

குழந்தைவேல் சப்பணத்தைக் கலைத்து, வலது முழங்காலை அவர் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டார்.